சுரங்கம் மூடின ஊரில் வீடு வாங்கலாமா? – ஆவன் பள்ளத்தாக்கு, தென் வேல்ஸ்

காவிரிக்கரை | சனி இரவு

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கே டிஸ்ட்ரிக்ட் நர்ஸ். வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, இன்சுலின் போடுவது, படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்ப்பது. இரண்டு வருஷமாக என் சுற்று தென் வேல்ஸில் ஆவன் பள்ளத்தாக்கின் மேல்பக்கம். போர்ட் டால்பட் கடற்கரையிலிருந்து ஆற்றை ஒட்டியே ஏறினால் கமர் வரும். அங்கே கிளை பிரிந்து இன்னும் மேலே போனால் கிளின்கோருக். அத்தோடு தார்ச்சாலை முடிந்தது. அதற்கு மேல் ஊசியிலைக் காடும் காற்றாலைகளும்தான். இந்த ஊர்ப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தால் மாட்டிக்கொள்வோம். ஒற்றை 'எஃப்' வந்தால் 'வ' என்று சொல்ல வேண்டும், இரட்டை 'டி' வந்தால் 'பந்து'வில் வரும் 'து' மாதிரி. 'ரொந்தா'வைச் சரியாகச் சொன்னதற்காக ஒரு பாட்டி பிஸ்கட் டப்பாவையே என் கையில் கொடுத்துவிட்டார்.

இந்த மேல்பக்கத்தில் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. மலைச்சரிவில் ரயில்பெட்டி கோத்த மாதிரி வரிசையாக நிற்கும் கல்வீடுகளில் ஒன்று. கீழே இரண்டு அறை, மேலே மூன்று, பின்னால் ஒரு சந்து. கார்டிஃபில் ஒரு சின்ன ஃப்ளாட்டுக்குக் கேட்கிற பணத்தில் இதை வாங்கிவிட்டுக் கூரையையும் மாற்றலாம். என் வீட்டுக்காரருக்கு வாரத்தில் பாதிநாள் வீட்டிலிருந்தே வேலை. மகளுக்கு நாலு வயது. அவர் வாங்கலாம் என்கிறார். கார்டிஃப் நண்பர்கள், "செத்த ஊரில் போய் விழப்போறீங்களா?" என்கிறார்கள்.

எனக்கு அது செத்த ஊராகத் தெரியவில்லை. நான் கட்டுப்போடும் தாத்தா ஒருவருக்கு (பெயர், தெரு எதுவும் கேட்காதீர்கள்) இரண்டு கையிலும் முழங்கை வரை நீலநீலமாகக் கோடுகள். முதல்நாள் பச்சை குத்தியது என்றே நினைத்தேன். நிலத்தடியில் கல் கீறின காயத்துக்குள் கரித்தூள் போய், அதன்மேல் தோல் மூடிக்கொண்டதாம். புருவத்துக்கு மேலேயும் ஒன்று உண்டு. அதைப் பற்றி மட்டும் பேசமாட்டார். மூலையில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். நுரையீரலில் கரித்தூசி. இங்கே யாரும் அதை நோய்ப்பெயர் சொல்லிப் பேசுவதில்லை. "அவருக்கு டஸ்ட்" என்பார்கள், அவ்வளவுதான். கிளின்கோருக் சுரங்கம் 1970-ல் மூடியபோது வாலிபன். அப்புறம் மலைக்கு அந்தப்பக்கம் இன்னொரு சுரங்கத்துக்குப் போய்வந்தார், அதுவும் மூடியது. ஊரை மட்டும் விடவில்லை.

சுரங்க ஊரில் வாழ்ந்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? வீடு வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

---

கணக்குப்பிள்ளை | சனி இரவு

சகோதரி, கோபப்படாம கேளுங்க. வீடு மலிவா இருக்குன்னா அதுக்குக் காரணம் இருக்கும். ரயில் கிடையாது. பள்ளத்தாக்கில இருந்த ஒரே ஹைஸ்கூலையும் 2019-ல மூடிட்டாங்க, உங்க பொண்ணு ஏழு வருஷத்துல தினம் பஸ் ஏறி வெளியூர் போகணும். கரி போச்சு, சரி, கீழ போர்ட் டால்பட்ல இரும்பாலை இருந்துச்சு. டாட்டா அங்கயும் கடைசி ஊதுலையை 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி அணைச்சாச்சு. நாளைக்கு விக்கணும்னா யார் வாங்குவா?

எனக்குப் புரியாத ஒரே விஷயம்: வேலை போய் அம்பது வருஷம் ஆச்சு, இன்னும் ஏன் அங்கயே உக்காந்திருக்காங்க? நம்ம ஆளுங்க வேலைக்காகக் கடல் தாண்டி வரலையா?

---

வடலி | ஞாயிறு காலை

//ஏன் அங்கயே உக்காந்திருக்காங்க//

நான் அங்க வளந்தனான். ஆவன் இல்லை, மலைக்கு மற்றப் பக்கம், சின்ன ரொந்தா. அப்பா 70களில யாழ்ப்பாணத்தில இருந்து வந்த டொக்டர். இங்கத்தை டொக்டர்மார் போக விரும்பாத இடங்களுக்குத்தான் எங்கட ஆக்களும் இந்திய ஆக்களும் போனவை. அந்த நாளையில பள்ளத்தாக்கு ஊர்களில கன இடத்தில குடும்ப வைத்தியர் எண்டாலே எங்கட நிறம்தான். பத்து ஜோன்ஸ் இருக்கிற ஊர், அதால பால்காரன் ஜோன்ஸ், சவப்பெட்டி ஜோன்ஸ் எண்டு பட்டப்பேர் வச்சுத்தான் கூப்பிடுவினம். அப்பாட நீளமான பேரில முதல் ரெண்டெழுத்தை மட்டும் வச்சுக்கொண்டு மிச்சத்தை எறிஞ்சுபோட்டினம். அவருக்கு அதில சந்தோசம்தான்.

84-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் எனக்கு வடிவா ஞாபகம். ஒரு வருசம் சம்பளம் இல்லை. எங்கட பக்கத்து மார்டிச் சுரங்கத்தில ஒருத்தரும் முறிச்சுக்கொண்டு வேலைக்குப் போகேல்லை. பொம்பிளையள் மண்டபத்தில சமைச்சுச் சாமான் கட்டிக் குடுப்பினம். அம்மா ஒருநாள் ஒரு பெரிய சட்டி பருப்புக் கறி குடுத்துவிட்டவ, சட்டி கழுவித் திரும்பி வந்தது, அதுக்குள்ள ஒரு கேக். 1985 மார்ச் 5 விடிய இருட்டோட, பாண்ட் அடிச்சுக்கொண்டு, சங்கக் கொடியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பி நடந்தவை. எனக்கு ஒன்பது வயசு. அது தோத்த ஆக்கள் எண்டு அப்பா சொல்லித்தான் தெரியும், பாத்தால் அப்பிடித் தெரியேல்லை. 1990 டிசம்பரில சுரங்கத்தை மூடினாங்கள். ரொந்தாவில கடைசி அதுதான்.

போனவையும் இருக்கினம், கணக்குப்பிள்ளை. இளம்பெடியள் கனபேர் போட்டினம். நாங்களும்தான் போனாங்கள்.

---

டைன்கரை | ஞாயிறு காலை

நான் இருப்பது இங்கிலாந்தின் வடகிழக்கில், அதுவும் பழைய கரிப்பூமிதான். 'ஏன் போகவில்லை' என்ற கேள்விக்கு இங்கிருந்து ஒரு பக்கவாட்டுப் பதில்.

டரம் மாவட்டத்தில் சுரங்க வீடுகளில் பெரும்பாலானவை கம்பெனி கட்டியவை. வேலையோடு வீடு வரும், வேலையோடு போகும். 1951-ல் மாவட்ட நிர்வாகம் கிராமங்களை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரித்தது. 'டி' வாங்கிய ஊருக்கு இனி புதுவீடு கிடையாது, செலவு கிடையாது, காலியாகும் வீட்டை இடித்துக்கொண்டே வருவது என்பது திட்டம். நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த ஊர்களும் அதில் உண்டு. சில ஊர்கள் இன்று புல்வெளி. சில ஊர்க்காரர்கள் சண்டை போட்டுத் தப்பினார்கள், 70களில் அந்தக் கொள்கையும் கைவிடப்பட்டது. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இன்றைக்கும் ஊர்ப்பெயரைச் சொன்னதும், "நாங்கள் டி" என்று சேர்த்துத்தான் சொல்வார்.

தென் வேல்ஸ் கதை வேறு. அங்கே சுரங்கத் தொழிலாளிகளே 'கட்டட கிளப்' என்று சீட்டுப் பிடிப்பது போலச் சேர்ந்து, மாதாமாதம் காசு போட்டு, தெருத்தெருவாகக் கட்டிக்கொண்டார்கள். முதல் உலகப்போருக்கு முன்பே அங்கே சொந்தவீட்டுக்காரர்கள் அதிகம். காவிரிக்கரை பார்த்திருக்கும் வீடும் அப்படி ஒன்றாக இருக்க வாய்ப்புண்டு. சுரங்கம் மூடும்போது கம்பெனி போகும், வீடு போகாது.

---

கணக்குப்பிள்ளை | ஞாயிறு மதியம்

நல்ல தகவல். ஆனா அதையே திருப்பிப் போடலாமே? சொந்தவீடுதான் காலைக் கட்டிப் போட்டிருக்கு. அந்த வீட்டை வித்தா வேற ஊர்ல ஒரு கார் ஷெட்கூட வாங்க முடியாது. அப்ப அது பாசம் இல்ல, பொறி. சகோதரியும் போய் அதே பொறியில மாட்டிக்கணுமா?

---

முட்டைக்கோஸ் | ஞாயிறு மதியம்

முக்கியமான கேள்வியை யாரும் கேக்கல. அந்தக் குளிர்ல இட்லி மாவு பொங்குமா?

---

ராபர்ட்சன்பேட்டை | ஞாயிறு மாலை

நான் கே.ஜி.எஃப்., கோலார் தங்கவயல். கரி இல்ல, தங்கம், ஆனா டைன்கரை சொன்னது எங்க வயித்துல அடிக்குது. மூணு தலைமுறை தமிழ் ஜனம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல மூணு கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கின ஊரு. ரொம்பக் காலம் வெள்ளைக்காரக் கம்பெனி, அப்புறம் சர்க்காரு. 2001 பிப்ரவரி 28-ல மூடிட்டாங்க. எங்க தாத்தாவும் இருமிக்கிட்டே செத்தாரு. இருந்த வீடு கம்பெனி லைன் வீடு, பத்தடிக்குப் பத்தடி. நம்ம பேர்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இப்பவும் விடிகாலைல மாரிக்குப்பம் ரயில்ல ஏறி பெங்களூரு போயி, ராத்திரி திரும்பி வராங்க ஜனங்க. ஏன் பெங்களூர்லயே இருந்துடலன்னு கேட்டா, "வாடகை"ன்னு ஒரு வார்த்தைல முடிப்பாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "கல்லறை எல்லாம் இங்கதானே"ன்னுவாங்க.

அம்மா, வீட்டுக்குப் பத்திரம் சுத்தமா இருந்தா வாங்கு. அது ஒண்ணு இல்லாமத்தான் நாங்க நிக்கிறோம்.

---

ஸ்டெத்து | ஞாயிறு இரவு

கிளின்கோருக்கா! எங்கள் தொழிலில் அது திருத்தலம். நான் படிக்கும்போது வரைபடத்தில் தேடிப் பார்த்திருக்கிறேன்.

ஜூலியன் டூடர் ஹார்ட் என்ற டாக்டர் 1961-ல் அங்கே போனார். லண்டனில் படித்தவர், கம்யூனிஸ்ட். ஊரில் இருப்பதே இரண்டாயிரம் பேர் அளவுதான். நோய் என்று வந்தவர்களை மட்டும் பார்க்காமல், தன் கணக்கில் இருந்த எல்லாருடைய ரத்த அழுத்தத்தையும் அளந்தார். வராதவர்களைத் தேடிப்போய் அளந்தார். ஒரு ஊரையே இப்படி முழுசாக அளந்த முதல் டாக்டர் அவர்தான் என்பார்கள். 25 வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, அகால மரணம் பக்கத்து ஊரைவிட இங்கே குறைவு. இத்தனைக்கும் நடுவில் சுரங்கம் மூடி வேலை போயிருந்தது.

1971-ல் 'லான்செட்' இதழில் அவர் எழுதின கட்டுரையின் சாரம் இதுதான்: எங்கே மருத்துவம் அதிகம் தேவையோ அங்கே அது குறைவாகக் கிடைக்கும், தேவை குறைந்த இடத்தில் தாராளமாகக் கிடைக்கும். சந்தையின் கையில் விடவிட இது முற்றும். 'தலைகீழ் கவனிப்பு விதி' என்று இன்றுவரை எங்களுக்குப் பாடம். வடலியின் அப்பா போன இடங்களெல்லாம் அந்த விதிக்குச் சாட்சி. ஹார்ட் 2018-ல் காலமானார்.

காவிரிக்கரை, உங்கள் சுற்றில் எழுபது தாண்டியவர்களில் பலருக்கு அவர் கையால் பட்டை கட்டி அளந்திருப்பார். கேட்டுப் பாருங்கள்.

---

மண்வெட்டி | திங்கள் காலை

மண் இயக்கவியல் எஞ்சினியர், வேலை கார்டிஃபில். பாசம் எல்லாம் பேசியாச்சு, நான் தரையைப் பத்திப் பேசறேன்.

வக்கீல்கிட்ட சொல்லி சுரங்க அறிக்கை வாங்குங்க. அந்தப் பக்கம் எல்லா வீட்டுக்கும் கேப்பாங்க, பெரிய செலவில்ல. வீட்டுக்குக் கீழ எந்தக் கரிப்படுகை, எந்த வருஷம் வெட்டினது, பக்கத்துல பழைய சுரங்கக் கிணறு ஏதாவது உண்டான்னு வரும். ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு. மூடின சுரங்கத்தோட வரைபடத்தை ஒப்படைக்கணும்னு சட்டம் வந்தது 1872-ல. அதுக்கு முந்தி மலையில ஆளாளுக்குக் குடைஞ்சது எதுவும் காகிதத்துல இருக்கும்னு நம்பாதீங்க. வீடு இறங்கி விரிசல் விட்டா 1991 சட்டப்படி சரிபண்ணித் தர ஆணையம் இருக்கு. கோல் அத்தாரிட்டின்னு இருந்தது, 2024-ல பேரை மாத்திட்டாங்க.

அடுத்தது, மேல பாருங்க. நான் கழிவுமேட்டைச் சொல்றேன். கரியோட வர்ற கல்லும் சேறும் மலைமேல கொட்டி வச்சது. வேல்ஸ் முழுக்க 2,500-க்கு மேல இருக்கு, அதுல அடிக்கடி போய்ப் பாக்க வேண்டிய ரகம் சுமார் 350. அரசாங்கம் 2023 நவம்பர்ல அதோட வரைபடத்தை வெளியிட்டுச்சு, உங்க தெருவை வச்சுத் தேடிப்பாருங்க. பாதிக்கு மேல தனியார் நிலம், பாத்துக்க ஆளில்லாததும் உண்டு.

இதை ஏன் இவ்வளவு அழுத்தறேன்னா, அபர்வான். 1966 அக்டோபர் 21, காலை ஒன்பதேகால். ஏழாம் நம்பர் மேடு ஊற்றுக்கண் மேலயே கொட்டினது. அங்க ஊற்று இருக்குன்னு வரைபடத்துலயும் இருந்துச்சு, ஊர்க்காரனுக்கும் தெரியும். மழையில கூழாகி, மலையை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடத்து மேல விழுந்துச்சு. 144 பேர், அதுல 116 குழந்தைங்க. விசாரணைக் குழு, குற்றம் தேசிய நிலக்கரி வாரியத்து மேலன்னு எழுதிச்சு. ஒருத்தருக்கும் வேலை போகல, தண்டனை இல்ல. மிச்ச மேடுகளை அகற்றச் சொல்லிக் கேட்ட ஜனங்க கிட்டயே, அவங்களுக்காக உலகம் அனுப்பின நிதியிலேர்ந்து 1,50,000 பவுண்ட் எடுத்துக்கிட்டாங்க. 1997-லதான் திருப்பிக் குடுத்தாங்க, வட்டி இல்லாம.

பழசுன்னு நினைக்காதீங்க. 2020 பிப்ரவரி புயல் மழையில டைலர்ஸ்டவுன்ல ஒரு கழிவுமேடு 60,000 டன் அளவுக்குச் சரிஞ்சு ஆத்துல விழுந்துச்சு. 2024 நவம்பர்ல கூம்டிலரியில இன்னொரு மேடு சரிஞ்சு வீடுகளை ஒட்டி வந்துச்சு. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்ல, நல்ல காலம்.

கடைசியா காசு செலவில்லாத பரிசோதனை: கொட்டுற மழையில போய் வீட்டுக்குப் பின்னாடி நில்லுங்க. மலைத்தண்ணி எந்த வழியா இறங்குது, என்ன நிறம்னு பாருங்க. ஆரஞ்சா வந்தா பழைய சுரங்கத்துத் தண்ணி, இரும்புத்துரு. அதால உடனே ஆபத்துன்னு இல்ல, எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சுக்கணும். வெயில் அடிக்கிற நாள்ல வீடு பாக்கிறவன் பாதி வீட்டைத்தான் பாத்திருக்கான்.

---

வடலி | திங்கள் மதியம்

அபர்வான் சம்பவம் நான் பிறக்க முந்தியது. எண்டாலும் எங்கட பள்ளிக்கூடத்தில மழை கூட எண்டால் ரீச்சர் யன்னலால மலையைப் பாப்பா. ஏன் எண்டு அப்ப விளங்கேல்லை.

கணக்குப்பிள்ளைக்கு இன்னொண்டு. பொறி எண்டு சொன்னியள். ஹிர்வைனில டவர் எண்டொரு சுரங்கம், கிளின்கோருக்கில இருந்து மலையைத் தாண்டினால் அங்கதான். 1994-ல லாபம் இல்லை எண்டு மூடினாங்கள். 239 பேர் தங்கட நட்டஈட்டுக் காசில ஆளுக்கு 8,000 பவுண்ட் போட்டு அதை வாங்கினவை. 1995 ஜனவரியில திரும்பத் திறந்து, 2008 வரைக்கும், கரி முடியுமட்டும், லாபத்தோட நடத்தினவை. அந்தக் காசை எடுத்துக்கொண்டு வேற இடம் போயிருக்கலாம்தானே?

ஆனால் அதுக்காக எல்லாம் தேன் எண்டு நினைக்காதேங்கோ. 85-ல வேலைநிறுத்தத்தை முறிச்ச ஆக்களோட பக்கத்துப் பள்ளத்தாக்குகளில இண்டைக்கும் கதைக்காத குடும்பங்கள் இருக்கு. நீங்கள் என்ன வாங்கினியள், யார் வந்து போனது, எல்லாம் பின்னேரத்துக்குள்ள ஊருக்குத் தெரியும். கிழவர்கள் நல்லவை, பெடியளுக்குத்தான் செய்ய ஒண்டுமில்லை. அதின்ர விளைவு என்னெண்டு நர்ஸுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

---

கணக்குப்பிள்ளை | திங்கள் மாலை

டவர் கதை தெரியாது. தொப்பியைக் கழட்டிட்டேன்.

இருந்தாலும் 239 பேர் 13 வருஷம் ஓட்டினாங்க, கரி தீர்ந்துச்சு. இப்ப அந்த மலையில என்ன இருக்கு? அதைச் சொல்லுங்க.

---

காவிரிக்கரை | திங்கள் இரவு

//இப்ப அந்த மலையில என்ன இருக்கு//

தலைக்கு மேலே 76 காற்றாலை. அதற்காக வருஷத்துக்கு 18 லட்சம் பவுண்ட் சுற்றுப் பள்ளத்தாக்கு ஊர்களுக்கென்று நிதி ஒதுக்கியிருக்கிறார்கள், பொதுமண்டபம், விளையாட்டு, சின்ன வியாபாரம் என்று கேட்டு வாங்கலாம். மின்சாரம் மட்டும் எங்களுக்கும் அதே விலைதான், எல்லாரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். காட்டுக்குள் சைக்கிள் தடங்கள். வார இறுதியில் எங்கிருந்தெல்லாமோ சேறு அப்பிய ஆட்கள் வருகிறார்கள். ஒரு தடத்துக்குப் பழைய சுரங்க வாயிலின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதில் பறந்து வருகிற பையன்களுக்கு அது தெரியுமோ என்னவோ. மலையைக் குடைந்து ரொந்தாவுக்குப் போன மூன்று கிலோமீட்டர் ரயில் சுரங்கப்பாதை 1968-லிருந்து மூடிக்கிடக்கிறது. அதைச் சைக்கிளுக்குத் திறக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் விடாமல் அலைகிறது. வேலை என்றால், ஆமாம், கணக்குப்பிள்ளை, குறைவுதான். அதில் உங்களோடு வாதம் இல்லை.

ஸ்டெத்து, தாத்தாவிடம் கேட்டேன். ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தபோது கேட்டதால் சிரித்துவிட்டார். "டாக்டர் ஹார்ட் உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் கேட்கவில்லை. அவர் போய்விட்டார், நான் இருக்கிறேன்" என்றார். அப்புறம் இருமல் வந்துவிட்டது. அடங்கியதும், தானாகவே, "கூட்டம் போட்டு எங்களுக்குக் கணக்குச் சொன்னார். எங்கள் உடம்பைப் பற்றி எங்களிடமே கணக்குச் சொன்ன ஆள் அவர்தான்" என்றார்.

---

முட்டைக்கோஸ் | செவ்வாய் காலை

மாவு?

---

காவிரிக்கரை | அடுத்த ஞாயிறு மாலை

ஒரு வாரமாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும். மண்வெட்டி சொன்னபடி மழைக்காகக் காத்திருந்தேன். வேல்ஸில் மழைக்குக் காத்திருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் இந்த வாரம் பார்த்து நாலு நாள் வெயில்.

நேற்று வந்தது. குடை நிற்கவில்லை, வண்டியில் இருந்த ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த வீட்டுப் பின்சந்துக்குப் போனேன். மலைத்தண்ணீர் சந்தின் மேல்முனையில் ஒரு கல்வாய்க்காலுக்குள் இறங்கி, தெருவுக்கு அடியில் போய் ஆற்றில் சேருகிறது. நிறம் தேநீர் மாதிரி, ஆரஞ்சு இல்லை. வாய்க்கால் வாயில் ஒரு இரும்புக் கம்பிவலை. அங்கே முழங்கால் வரை பூட்ஸ் போட்டு ஒரு பெரியவர், எழுபது இருக்கும், நீளக் காம்பு மண்வெட்டியால் இலையையும் குச்சியையும் வாரி வாரி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். மண்வெட்டியின் அலகு இதய வடிவம். கடையில் இப்படிப் பார்த்ததில்லையே என்றேன். அப்பாவுடையது, கரி அள்ளினது என்றார்.

கவுன்சில் ஆட்கள் வந்து செய்யமாட்டார்களா என்று கேட்டேன். வருவார்கள், மழை விட்டபிறகு என்றார். பெருமழை என்றால் இந்தத் தெருவில் முறை வைத்துக்கொண்டு பார்க்கிறார்களாம். வலை அடைத்தால் தண்ணீர் முதலில் வருவது நான் பார்த்த வீட்டுச் சமையலறைக்குத்தான். அதை ஏஜெண்ட் சொல்லவே இல்லை. இவர் ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, "அந்த வீட்டுக்காரர் இருந்தவரை வியாழக்கிழமை அவர் முறை. இப்போது வியாழன் காலி" என்றார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி வாரத் தொடங்கினார்.

என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். சமையலறைக்கு உள்ளே தண்ணீர் வரும் என்பதை விட்டுவிட்டு, "நான் வியாழன் வீட்டில்தானே வேலை" என்கிறார். சர்வேயரை வரச்சொல்லியிருக்கிறோம், சமையலறைத் தரையைத் தனியாகப் பார்க்கச் சொல்லியாகிவிட்டது. கேட்கும் விலையில் அதற்கானதைக் குறைப்போம். கழிவுமேட்டு வரைபடத்தில் மேலே ஒன்று இருக்கிறது, கீழ் ரகம், கிட்டத்தில் இல்லை. சுரங்க அறிக்கை இன்னும் வரவில்லை. வந்ததும் இங்கேயே போடுகிறேன், மண்வெட்டி ஒருமுறை படித்துச் சொல்ல வேண்டும்.

முட்டைக்கோஸ்: பாய்லர் இருக்கும் அலமாரிக்குள் வைத்தால் ராத்திரி முழுக்கப் போதும், பாத்திரத்துக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள், வழியும்.

---

கணக்குப்பிள்ளை | ஞாயிறு இரவு

சமையலறைத் தரைக்கு எவ்வளவு குறைக்கணும்னு கணக்குப் போட்டுத் தரேன். சர்வேயர் எழுதினதை எனக்குத் தனிமடல்ல அனுப்புங்க. அதுக்கு முன்னாடி ஏஜெண்ட் கிட்ட ஒரு வார்த்தை பேசிடாதீங்க.